ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மாத்திரை. தினமும் எடுக்கக் கூடாது. முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, இரவு 9.30 மணி இருக்கும், திருப்பூரிலிருந்து ஒரு தங்கச்சி கூப்பிட்டாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். 34 வயது. அவளுடைய சித்தி எனக்குப் பழக்கம், அந்த வகையில் என் நம்பர் போயிருக்கிறது, சனிக்கிழமை பேசலாம் என்று நாளும் குறித்திருந்தோம். அதற்குள் கூப்பிட்டுவிட்டாள். "ஏனுங்க்கா, வாயெல்லாம் வெந்து போனாப்பல இருக்குதுங்க, சோறு எறங்க மாட்டேங்குது, மணத்தக்காளிக் கீரை கடைஞ்சு தின்னாச் சரியாப் போயிருமுங்களா?" என்றாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், அட்டையை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படி என்றேன். படித்தாள். எப்போதெல்லாம் சாப்பிடுகிறாய் என்றேன். "தெனமும் காலைல ஒண்ணுங்க்கா." அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது. டாக்டர் சீட்டில் வாரம் ஒருமுறை என்றுதான் இருந்திருக்கிறது, மருந்துக்கடையில் கவரில் போட்டுக் கொடுத்தவர் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் காலைக்கு ஒன்று என்று குறித்துவிட்டார். கீரையை விடு, இப்போதே கிளம்பு, அட்டையையும் சீட்டையும் கையில் எடுத்துக்கொள், உள்ளே போனதும் வாய்ப்புண் என்று ஆரம்பிக்காதே, "மெத்தோட்ரெக்சேட்டை ஆறு நாளா தெனமும் சாப்பிட்டுட்டேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல் என்று மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் இறங்கியிருந்தன. மாத்திரையின் விஷத்தை முறிக்க ஃபோலினிக் அமிலம் ஏற்றி ஒரு வாரம் படுக்க வைத்தார்கள். பிழைத்து வந்தாள். இன்னும் இரண்டு நாள் கீரை கடைந்து தின்று பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கை நடுங்குகிறது.

மூன்று வருஷமாக ஒறம்பரை (சொந்தக்காரர்) வீடுகளில், கல்யாண மண்டபங்களில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள்கூட என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அத்தன பெரிய கம்பெனி வேலைய உட்டுப்போட்டு இப்ப என்ன அம்மிணி பண்ணீட்டிருக்கறே?" வெல்னஸ் கோச் என்று சொன்னால் யோகா டீச்சரா என்பார்கள், இல்லை என்றால் உடம்பு குறைக்கப் பவுடர் விற்கிற வேலையா என்பார்கள். எனக்கும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாமல்தான் இருந்தது. அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் தெரிகிறது. டாக்டர் கொடுக்கிற சீட்டுக்கும் வீட்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. நீண்ட நாள் நோயோடு இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அங்கே கூட நடக்கிற ஆள் நான்.

எனக்கு முடக்குவாதம் வந்தது 2017 தீபாவளி சமயம். மறுநாள் ஒறம்பரை வந்திருந்தார்கள், அம்மா இடியாப்பம் மாதிரியான சந்தவைக்கு மாவு வேகவைத்துக் கொடுத்தார், பிழிய உட்கார்ந்தேன். மரக் கட்டையின் பிடியை அழுத்தினால் இரண்டு கையிலும் விரல் கணுக்களில் சுரீர் என்றது. ஒரு ஈடுகூட முடியவில்லை. எனக்கு அப்போது 36 வயது, அம்மாவுக்கு 61, அம்மா என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து எட்டு ஈடு பிழிந்தார். அதற்குப் பின்னால் தினமும் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, இரண்டு கையும் ஒரே மாதிரி வீங்கியிருக்கும், பல் தேய்க்கிற பிரஷ்ஷை முஷ்டியால் பிடித்துத் தேய்ப்பேன், ஒன்றரை மணி நேரம் போனால்தான் கை என் கையாக ஆகும். பதினொரு மணிக்கு மேல் ஓரளவு நன்றாகவே இருக்கும். அதனாலேயே யாரும் நம்பவில்லை, நானும்தான்.

2006இல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் படுத்துக் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால் மூட்டு வலி என்றாலே "அந்தக் காய்ச்ச உட்டுப்போன வலியாட்ட இருக்குது" என்று முடித்துவிடுவார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், நொச்சித் தழை போட்டு வெந்நீர் ஊற்றினார்கள், நரம்பு இழுத்துவிடுகிறவரிடம் போனேன், எலும்பு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றுமே இல்லை என்று வலி மாத்திரையோடு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம் ஒரு பொடி. எங்கே வாங்கினேன் என்று எழுதப் போவதில்லை. பெயரும் இல்லாத, சேர்மானமும் எழுதாத பொட்டலம், மூலிகை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வலி காணாமல் போனது, நான் சந்தோஷத்தில் அழுதேன், அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார். நாலு மாதம் சாப்பிட்டேன். முகம் பூரித்து வட்டமானது, சர்க்கரை ஏறியது, ஊரெல்லாம் "உடம்பு தேறிருச்சு" என்றார்கள். பொடி தீர்ந்து ஒரு வாரம் வாங்கப் போகாமல் இருந்தபோது படுக்கையிலிருந்து எழ முடியாமல் மயங்கி விழுந்தேன். ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும், அதைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் உடம்பு குப்புற விழும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை, பின்னால் என் டாக்டரே எனக்குக் கொஞ்ச நாள் கொடுத்து மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டதுதான் கொடுமை.

அந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு இளம் டாக்டர்தான் ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டு வாத நோய் நிபுணரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்குத் தெரியாது. 11 மாதம் கழித்து, 2018 செப்டம்பரில், நோய்க்கு முடக்குவாதம் என்று பெயர் கிடைத்தது. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது, தாக்கித் தாக்கி எலும்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. இதற்கு இரண்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், எனக்கு ஆர்.எஃப். பரிசோதனை நெகட்டிவ், ஆன்ட்டி சிசிபி பாசிட்டிவ். ஆர்.எஃப். நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை, இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் ஆரம்பித்தால் மூட்டு கெடாமல் காப்பாற்ற முடிகிற நோய் இது. என் வலது கையில் இரண்டு விரல்கள் அந்தப் 11 மாதத்தில் லேசாகக் கோணியது கோணியதுதான்.

மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் அமிலம், அப்புறம் ஹைட்ராக்சிகுளோரோகுயின், அதற்காகக் கண் பரிசோதனை, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தமும் ஈரலும் பார்க்கப் பரிசோதனை. மருந்து வேலை செய்ய ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அந்த மூன்று மாதத்தை எப்படிக் கடப்பது, ஞாயிறு இரவு மாத்திரை போட்டால் திங்கள் முழுக்கக் குமட்டுகிறதே அதை என்ன செய்வது, பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் மூடியை யார் திறந்து கொடுப்பது, இதெல்லாம் கேட்க அங்கே நேரம் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி, அங்கே மட்டும் 11 வருஷம், கடைசியில் 14 பேர் இருந்த டீமுக்கு லீட். அமெரிக்க வாடிக்கையாளர், அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் முக்கியமான கால்கள் எல்லாம், பத்தரைக்கு முடித்துக் கணபதியில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்து படுக்கப் பன்னிரண்டு, காலையில் ஒன்பதரைக்கு மறுபடி மீட்டிங். நோய் வருவதற்கு முன்னால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். வெள்ளகோவில் பக்கத்து ஊரில் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையில் படித்தவளுக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடமும் மாதம் பிறந்தால் வருகிற சம்பளமும் சின்ன விஷயம் இல்லை. என் தம்பியின் படிப்பு, எங்கள் வீட்டு லோன் எல்லாம் அதில்தான் ஓடியது.

நோய் வந்தபின் அங்கே நான் பட்டது வலி மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கால் உடைந்து கட்டுப் போட்டு வந்தால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். நேற்று நடந்தவள் இன்று மாடிப்படி ஏற முடியவில்லை என்றால் நடிப்பு என்கிறார்கள். அந்த வருஷ மதிப்பீட்டில் என் வேலையைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை, "ஈடுபாடு குறைந்துள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறக்கக் கை வராமல் முழங்கையால் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சிலிருந்து வீட்டிலிருந்து வேலை. உலகமே பயந்து கிடந்த அந்தக் காலத்தில் எனக்கு உடம்பு தேறியது, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகக்கூட இருக்கும். சத்தி ரோட்டு நெரிசலில் பிரேக்கும் கிளட்சுமாக முக்கால் மணி நேரம் இல்லை, காலை மீட்டிங்கில் கேமரா அணைந்திருக்கும், மேசைக்குக் கீழே வெந்நீர் வாளியில் கையை விட்டபடியே பேசுவேன், மத்தியானம் இருபது நிமிஷம் படுப்பேன். வேலை ஒன்றும் குறையவில்லை. 2022இல் வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரவேண்டும் என்றார்கள், டாக்டர் கடிதம் கொடுத்தேன், எல்லோருக்கும் ஒரே விதி என்று பதில் வந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு முட்டியும் வீங்கிவிட்டது.

அந்தச் சமயம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா தோட்டத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது, எங்கள் பக்கம் மழை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும், கோடையில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் தண்ணீர் கீழே போய்விடும், நிறுத்திவிட்டு நாலைந்து மணி நேரம் ஊற விட வேண்டும். அன்றைக்குக் கடலைக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார், ஒரு பாத்தி மட்டும் பாக்கி, நானாக இருந்தால் அதையும் முடித்துவிடு என்றுதான் சொல்வேன். அப்பா போய் மோட்டாரை நிறுத்தினார். ஏன் என்றேன். "தண்ணி இல்லாம ஓடுச்சுன்னா மோட்டாரு காயில் பொகஞ்சு போயிரும் சாமி. ஊறட்டும். பாத்தி எங்க ஓடிப் போகப் போகுது" என்றார். என் வீட்டுக்காரர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்ப் செட் உதிரி பாகங்கள்தான் பாதி வேலை, வருகிற வழியில் காரில் அவரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். பல்லடம் தாண்டி, "நீ நாலு வருஷமாத் தண்ணி இல்லாமத்தான் ஓடீட்டிருக்கறே, எழுதிக் குடுத்துரு, பாத்துக்கலாம்" என்றார். 2022 ஜூனில் எழுதிக் கொடுத்தேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையை விட்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், படிப்பவர்கள் அதை நம்பி மாட்டிக்கொள்கிறார்கள். கிராஜுவிட்டி வந்தது, ஒரு வருஷத்துக்கான வீட்டு லோன் தவணை அதில் போனது. என் வீட்டுக்காரர் பட்டறை இல்லையென்றால் நான் விட்டிருக்க முடியாது. முதல் ஆறு மாதம் என் வருமானம் பூஜ்யம், அடுத்த ஆறு மாதம் மாதத்துக்கு 5,000 ரூபாய்கூட இல்லை. இப்போதும் பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. இதைவிடப் பெரிய தப்பு இன்சூரன்ஸில் செய்தேன். கம்பெனி குழுக் காப்பீடு கடைசி நாளோடு முடிந்துவிட்டது, வெளியே வந்து புது பாலிசி கேட்டால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு நான்கு வருஷம் காத்திருப்பு என்றார்கள். 2024இல் அந்தக் காத்திருப்பை அதிகபட்சம் மூன்று வருஷமாக காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ குறைத்திருக்கிறது. குழுக் காப்பீட்டில் இருப்பவர்கள் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம், அங்கே கழித்த வருஷங்கள் கணக்கில் வரும், ஆனால் கையெழுத்துப் போட்டு வெளியே வருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். எனக்கு அது தெரியவில்லை, யாரும் சொல்லவில்லை. அதனால் என்னிடம் வேலையை விடப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் மனநிம்மதியைப் பற்றிப் பேசுவதில்லை, பாலிசி நம்பரைக் கேட்கிறேன்.

பத்து மாதம் ஆன்லைனில் ஒரு பயிற்சி படித்துச் சான்றிதழ் வாங்கினேன். பழக்கங்களை எப்படிச் சின்னச் சின்னதாக மாற்றுவது, எதிரில் இருப்பவர் பேசும்போது நடுவில் புகுந்து புத்தி சொல்லாமல் எப்படிக் கேட்பது, இவைதான் அதில் எனக்கு உதவியவை. ஆனால் நம் நாட்டில் டாக்டர் என்று போர்டு மாட்டப் பதிவு எண் வேண்டும், வெல்னஸ் கோச் என்று போர்டு மாட்ட ஆணியும் சுத்தியலும் போதும். இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயம். 1954ஆம் வருஷத்து மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, சர்க்கரை, புற்றுநோய், வாதம் என்று 54 நோய்களின் பட்டியல் போட்டு இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நோய்களைத்தான் 21 நாளில் வேரோடு எடுத்துவிடுவதாக தினமும் என் போனிலேயே வீடியோ வருகிறது.

அதனால் எனக்கு நானே சில வேலிகளைக் கட்டிக்கொண்டேன். டாக்டரைப் பார்க்காதவர்களை எடுத்துக்கொள்வதில்லை, முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். மாத்திரையை நிறுத்து, குறை என்று எந்தக் காலத்திலும் சொல்வதில்லை. பொடி, லேகியம், டப்பா எதுவும் விற்பதில்லை, விற்பவரிடம் அனுப்பிக் கமிஷன் வாங்குவதும் இல்லை. உணவுப் பட்டியல் வேண்டும் என்றால் டயட்டீஷியன், பயிற்சி வேண்டும் என்றால் பிசியோதெரபிஸ்ட், மனசு ரொம்ப உடைந்திருந்தால் மனநல மருத்துவர். ஒரு முறை பேச 600 ரூபாய், முடியாதவர்களிடம் வாங்குவதில்லை.

அப்படியென்றால் நீ என்னதான் செய்கிறாய் என்றால், அடுப்படியில் ஆரம்பிக்கிறேன். குக்கரை ஒற்றைக் கையால் தூக்காதே, இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துத் தூக்கு. காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாதே, முழங்கையில் மாட்டு. கரண்டிக் காம்பில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கு, பிடிக்க வலிக்காது. கிரைண்டர் குழவியைத் தூக்கி மாவு வழிக்கிற வேலையை விடு, சாய்க்கிற மாதிரி கிரைண்டர் கோயம்புத்தூரிலேயே கிடைக்கிறது, வாங்க முடியாவிட்டால் அந்த ஒரு வேலையை மகனிடம் கொடு. இந்தக் கடைசி வரி சொல்வதற்கு எளிது, பல வீடுகளில் அதற்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. மாமியாரை ஒரு நாள் போனில் சேர்த்துக்கொள்வேன். "நானும் முட்டி வலியோடத்தான் பத்துப் பேருக்கு ஆக்கிப் போட்டேன்" என்று ஆரம்பிப்பார்கள். உங்கள் முட்டி வலியைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா என்று அரை மணி நேரம் கேட்பேன், உண்மையான அக்கறையோடுதான் கேட்பேன், ஏனென்றால் அவர்களையும் யாரும் கேட்டதில்லை. அதற்குப் பின்னால்தான் மருமகளைப் பற்றிப் பேச வழி பிறக்கும்.

சாப்பாட்டில் ஆளாளுக்கு ஒரு தடை சொல்லி வைத்திருக்கிறார்கள், தக்காளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, புளி ஆகவே ஆகாது, கொள்ளு சூடு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் ரசம் சோற்றில் நோஞ்சானாகி வருகிறார்கள். எல்லோருக்கும் ஆகாத காய் என்று ஒன்று இதில் கிடையாது. உனக்கு ஒன்று சாப்பிட்டால் வலி கூடுவதாகத் தோன்றினால் நோட்டில் எழுதிவை, மூன்று நான்கு முறை அப்படியே நடந்தால் விடு, இல்லையென்றால் சாப்பிடு. அரிசி பருப்புச் சாதமும் கொள்ளுப் பருப்பும் நம் வீட்டுச் சாப்பாடு, அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டு எடுக்கிறவர்களுக்கு எலும்பு தேயும், ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, களி கிண்டக் கை வராவிட்டால் கூழாகக் காய்ச்சிக் குடி. மஞ்சள்தான் அடிக்கடி வருகிற கேள்வி. ஈரோட்டு மஞ்சள் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள், எனக்கும் பெருமைதான், தினமும் குழம்பில் போடுகிறேன். ஆனால் சாப்பாட்டில் போகிற மஞ்சளில் இருக்கும் குர்குமினை நம் குடல் மிகக் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. மெத்தோட்ரெக்சேட் செய்கிற வேலையை மஞ்சள் பால் செய்யாது.

கல்யாணமான இளம்பெண்கள் வந்தால் ஒன்றைத் தவறாமல் கேட்பேன், குழந்தைக்குத் திட்டம் இருக்கிறதா, டாக்டரிடம் சொன்னாயா என்று. மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும், குழந்தை வேண்டும் என்றால் முன்னாலேயே டாக்டரிடம் பேசி வேறு மருந்துக்கு மாற வேண்டும், மாற மருந்துகள் இருக்கின்றன. வரன் பார்க்கும்போது நோயை மறைத்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் என்ன கோச்சிங் செய்ய முடியும்? கேட்டுக்கொண்டு இருப்பேன், டாக்டரிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுத வைப்பேன், சில நேரம் கூடவே போய் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

எல்லாம் நன்றாக முடிகிறது என்று எழுதினால் அது பொய். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு டீச்சரம்மா, என்னைவிட ஆறு வயது மூத்தவர், எட்டு மாதம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். வீக்கம் இறங்கி, கரும்பலகையில் மறுபடி எழுத ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார், என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அழைப்பையும் எடுக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பத்து விரலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டன. இலையில் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டு வாங்கினார். என்னைப் பார்த்ததும் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவர் அழைப்பை எடுக்காதபோது நேரில் போயிருக்கலாமே என்று இன்றுவரைக்கும் எனக்கு இருக்கிறது. இப்போது யாராவது இரண்டு வாரம் பேசவில்லை என்றால் பஸ் ஏறிவிடுகிறேன்.

திருப்பூர்த் தங்கச்சியை மூன்றாம் வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். காலை 8.30க்கு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால்தான் வாரக் கூலி கட்டுப்படியாகும், இந்தக் கையோடு அது முடியாது. அவளுடைய சூப்பர்வைசரிடம் அவளே பேசினாள், நான் பேசவில்லை, என்ன பேசுவது என்று இரண்டு பேரும் வீட்டில் நாலு முறை ஒத்திகை பார்த்தோம். முதல் முறை சொல்லும்போது அழுதுவிட்டாள். ஓவர்லாக்கிலிருந்து செக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள், கூலி கொஞ்சம் குறைவு, ஒரு ஷிப்ட்டோடு வீட்டுக்கு வந்துவிடலாம். நாலரைக்கு எழுந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டு கையை உதறி உதறி ஏழு மணிக்குள் தயாராகிவிடுகிறாள். அடுப்புக்கு மேலே ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறாள், ஒவ்வொரு ஞாயிறையும் சிவப்பு மார்க்கரில் வட்டம் போட்டிருக்கிறாள். மாத்திரை அட்டையை ஒரு தனி டப்பாவில் போட்டு "ஞாயிறு மட்டும்" என்று அவளுடைய ஒன்பது வயது மகன் எழுதி ஒட்டியிருக்கிறான். மகனே வாரா வாரம் எடுத்துக் கொடுக்கிறானாம்.

இன்றைக்கும் ஞாயிறு. நானும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டாயிற்று, நாளைக் காலையில் எனக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும், பத்தரை மணிவரை போன் எடுக்க மாட்டேன். அதற்கு மேல் கூப்பிடுங்கள். மாத்திரை, வாய்ப்புண், காய்ச்சல் என்று அவசரமாக ஏதாவது இருந்தால் எனக்காகக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, அப்புறம் கூப்பிடுங்கள்.